பகையின் ஒளிபரப்பு உரிமை

இந்தப் பத்திரிகையில் கிரிக்கெட்டைப் பற்றி எழுதுவதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கவிதை பேச வந்த இடத்தில் மட்டையும் பந்தும் எதற்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. அவர்களில் பாதிப் பேர், இந்தியாவும் பாகிஸ்தானும் ஆடும் நாளில் இலக்கியக் கூட்டம் வைத்தால் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். விளையாட்டை விமர்சனத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு வீட்டுக்குள் விட்டுக்கொள்வது நமக்குப் பழகிப்போன இரட்டை வாழ்க்கை. அந்த இரட்டை வாழ்க்கையின் பலனை வேறு யாரோ அறுவடை செய்கிறார்கள் என்பதுதான் என் விஷயம்.

2025 பிப்ரவரி 7ஆம் தேதி நெட்ஃபிளிக்ஸில் ஒரு ஆவணத் தொடர் வந்தது. மூன்று பகுதிகள். 'தி கிரேட்டஸ்ட் ரைவல்ரி: இந்தியா வெர்சஸ் பாகிஸ்தான்' என்று பெயர். என் நண்பர்கள் சிலர் இதைப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோய்க் கடிதம் எழுதினார்கள். 'பகை நாட்டுக்காரன் இவ்வளவு அன்பாகப் பேசுகிறானே, இதுதானே நல்லிணக்கம்' என்று ஒருவர். 'கலை எல்லையைத் தாண்டிவிட்டது' என்று இன்னொருவர். இந்த நெகிழ்ச்சிக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தலைப்பு. ரைவல்ரி என்ற சொல்லைத் தமிழில் போட்டி என்றும் சொல்லலாம், பகை என்றும் சொல்லலாம். போட்டிக்கு ஒரு முடிவு உண்டு. ஆட்டம் முடிந்ததும் அது முடிகிறது. பகைக்கு அப்படி எந்த மாலையும் இல்லை. இந்தத் தொடர் இரண்டு சொற்களுக்கும் நடுவில் இருக்கிற சந்தில் கடை விரித்திருக்கிறது. வாங்க வருகிறவனுக்குப் பகையைக் காட்டுகிறது. கேள்வி கேட்கிறவனுக்கு, 'ஐயா, இது வெறும் போட்டி' என்கிறது. தொடர் வெளிவந்த 12 நாளில் சாம்பியன்ஸ் கோப்பை தொடங்கியது. 16ஆம் நாள் துபாயில் இந்த இரு அணிகளும் மோதின. காலண்டரைப் பார்த்தால் போதும், இது எந்தச் சந்தைக்குத் தயாரான சரக்கு என்று தெரிந்துவிடும்.

சரக்கு என்பதாலேயே அது கெட்டது என்று நான் சொல்லவில்லை. சொல்கிற விஷயம் உண்மையா என்று பார்ப்போம். மாபெரும் பகை என்கிறார்கள். இந்த இரு நாடுகளும் 1952இல் ஆடத் தொடங்கி இதுவரை ஆடியிருக்கும் டெஸ்ட் ஆட்டங்கள் 59. அதில் 38 டிரா. 1954-55இல் ஆடிய ஐந்தும் டிரா; 1960-61இல் ஆடிய ஐந்தும் டிரா. தோற்றுவிட்டால் ஊருக்குத் திரும்ப முடியாது என்ற பயத்தில் இரு அணிகளும் மட்டையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்ற ஆட்டங்கள் அவை. அதற்குப் பிறகு 1978 வரை ஆட்டமே இல்லை. நடுவில் இரண்டு போர்கள். கடைசி டெஸ்ட் 2007 டிசம்பரில். இரண்டு நாடுகளும் தங்களுக்குள் மட்டும் ஆடிய கடைசித் தொடர் 2012 டிசம்பரில் தொடங்கி 2013 ஜனவரியில் முடிந்தது. பிறகு இன்றுவரை மற்ற நாடுகளும் சேர்ந்த பந்தயங்களில் மட்டுமே பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பந்தயங்களில் இருவரும் ஒரே பிரிவில் வந்து விழுவது குலுக்கலின் விளையாட்டு என்று நம்புகிற அப்பாவிகள் யாரும் இந்தப் பத்திரிகையை வாசிப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆக, உலகத்தின் மாபெரும் போட்டி என்று விற்கப்படுவது பெரும்பாலும் நடக்காமலே இருக்கிற ஒன்று. நடந்தபோது பெரும்பாலும் முடிவில்லாமல் போன ஒன்று. ஆட்டம் குறையக் குறையப் பகையின் விலை ஏறியிருக்கிறது. ஷார்ஜாவில் 1986 ஏப்ரலில் மியாந்தத் கடைசிப் பந்தில் அடித்த சிக்ஸர், தொலைக்காட்சி இல்லையென்றால் ஒரு மாலையின் சிக்ஸர். தொலைக்காட்சி அதை நாற்பது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் போட்டு இரண்டு தலைமுறைக்கு ஒரு காயத்தை உண்டாக்கிக் கொடுத்தது. காயத்தைப் பதிவு செய்கிறவனுக்கும் காயத்தை உற்பத்தி செய்கிறவனுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைக் கேட்க வேண்டியது ஆவணப்படத்தின் வேலை. இந்தத் தொடர் அதைக் கேட்கவில்லை. கேட்டால் தன் காலடி மண்ணைத் தானே தோண்ட வேண்டியிருக்கும்.

இந்த வடிவத்தைப் பாருங்கள். பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஆடியவர்கள், நிர்வகித்தவர்கள், அவர்களைப் பற்றி எழுதியவர்கள். சேவாக் ஒரு சொல் சொல்வார். அக்தர் அதற்கு மறுசொல் சொல்வார். இருவரும் வேறு வேறு அறைகளில், வேறு வேறு நாட்களில் உட்கார்ந்து பேசியிருப்பார்கள். வெட்டி ஒட்டியபோது அது உரையாடல் ஆகிவிடுகிறது. இடையில் பழைய காட்சித் துண்டு, பின்னால் அதிரும் இசை. மைதானத்தில் இருந்த ஜனங்கள் கொடி பிடிக்கவும் கத்தவும் அழவும் வருகிறார்கள், சிந்திக்க வருவதில்லை. கூட்டத்தை ஒரு நிறமாக மட்டும் பார்க்கும் இந்தக் கண்தான் எனக்கு ஆட்சேபம்.

ஏனென்றால் கூட்டம் சிந்தித்த ஒரு நாள் நம்மிடம் இருக்கிறது. 1999 ஜனவரி 31, சென்னை, சேப்பாக்கம். அந்த மாதத் தொடக்கத்தில் தில்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைச் சிவசேனைக்காரர்கள் தோண்டிப் போட்டிருந்தார்கள். பம்பாயில் கிரிக்கெட் வாரிய அலுவலகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியிருந்தார்கள். தில்லியில் நடக்கவிருந்த முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது. கடைசி இன்னிங்ஸில் இந்தியாவுக்கு வேண்டியது 271. ஐந்து விக்கெட் 82க்குப் போன பிறகு டெண்டுல்கரும் மோங்கியாவும் 136 ரன் சேர்த்தார்கள். முதுகு வலியோடு டெண்டுல்கர் 136 எடுத்து அவுட்டானபோது இன்னும் 17 ரன் பாக்கி, கையில் மூன்று விக்கெட். அந்த மூன்று விக்கெட்டும் 4 ரன்னில் போயின. சக்லைன் முஷ்டாக் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்து ஐந்து விக்கெட். 12 ரன்னில் தோல்வி.

மைதானம் மெளனமாக இருந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமின் அணி அந்தக் கைதட்டலுக்குள் மைதானத்தைச் சுற்றி ஓடியது. அதே சேப்பாக்கத்தில் 1997 மே மாதம் சயீத் அன்வர் 194 எடுத்தபோதும் ஜனங்கள் எழுந்து நின்றார்கள். மூன்று வாரம் கழித்துக் கல்கத்தாவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: டெண்டுல்கர் ரன் அவுட்டான விதத்தில் ஆத்திரப்பட்ட கூட்டத்தைப் போலீஸ் வெளியேற்ற, காலியான ஈடன் கார்டன்ஸில் பாகிஸ்தான் வெற்றியை முடித்துக்கொண்டது. மே மாதம் கார்கில்.

சேப்பாக்கத்து மெளனத்துக்கும் கைதட்டலுக்கும் இடையே ஓடிய அந்தச் சில கணங்களில் ஆயிரக்கணக்கான மனங்களில் ஏதோ ஒரு தீர்மானம் நடந்திருக்கிறது. துக்கத்தை இல்லாமல் செய்யாமல், துக்கத்தோடேயே எதிராளியின் வேலையை வேலையாகப் பார்க்கிற தீர்மானம். நான்கு நாள் முழுதாக உட்கார்ந்து பார்த்தவனுக்கே அது வரும்; துண்டுத் துண்டாகப் பார்ப்பவனுக்கு வராது. ஆகவே நான் பேசுவது நல்லெண்ணத்தைப் பற்றியல்ல, கவனத்தைப் பற்றி. வெட்டி ஒட்டி ஓடுகிற இந்தத் தொடரின் வடிவம் அந்தக் கவனத்துக்கு எதிரானது. சேப்பாக்கத்தை அது இரண்டு நிமிஷம் காட்டலாம். அந்தப் பார்வையை அதால் தாங்க முடியாது. தாங்கினால் பகை விலைபோகாது.

இந்த இடத்தில் தமிழ் மார்பு விரிவதைப் பார்க்கிறேன். 'பார்த்தீர்களா, தமிழன் பண்பாடு' என்று. அதற்கும் நான் உடன்பட முடியாது. முதலாவது, அன்று சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தது தமிழ்நாடு அல்ல. நான்கு நாள் வேலைக்குப் போகாமல் டிக்கெட் வாங்க முடிந்த ஒரு நகரத்து வர்க்கம். இரண்டாவது, அதே நகரத்தில் 2013 மார்ச்சில் இலங்கை ஆட்டக்காரர்கள் ஐபிஎல்லில் ஆடக் கூடாது என்று மாநில அரசு சொன்னது. அவர்கள் சென்னையில் ஆடவில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததன் மேல் நமக்கு இருந்த, இருக்கிற கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் வேறு எங்கோ இருக்க, பந்து வீசுகிற பையன்களிடம் ரசீது கிழித்தோம். 2020 அக்டோபரில் முரளீதரனின் வாழ்க்கைப் படத்திலிருந்து விஜய் சேதுபதி விலகினார். முரளீதரன் சொன்னவற்றை விமர்சிக்க வேண்டும், கடுமையாகவே விமர்சிக்க வேண்டும். கண்டி மலையகத்துத் தமிழன் ஒருவன் ஏன் அப்படிப் பேசும்படி ஆகிறான் என்று ஒரு படம் கேட்டிருக்கலாம். கேட்குமா கேட்காதா என்று பார்க்கக்கூட நாம் காத்திருக்கவில்லை.

மூன்றாவது, நான் இருக்கிற ஊர்.

வருசநாடு பாகிஸ்தான் எல்லையிலிருந்து வெகுதூரம். ஆனால் எல்லை என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மேற்கே மலை ஏறி இறங்கினால் கேரளம். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடிவதற்கு முன்னால் ஜீப்புகள் கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு போகும், இருட்டியதும் திரும்பும். இந்த ஜனங்களுக்கு மலையாளி என்பவன் கூலி கொடுக்கிறவன், கூலியில் பிடிக்கிறவன், பக்கத்தில் நின்று காய் பறிக்கிறவள், கடன் தருகிற கடைக்காரன். சண்டை உண்டு, சம்பந்தம் உண்டு. பகை என்ற பெரிய சொல் அங்கே தேவைப்பட்டதில்லை.

2011 நவம்பர், டிசம்பரில் அந்தச் சொல் வந்து இறங்கியது. முல்லைப் பெரியாறு அணை. ஸ்கோர் போர்டில் ஓடுவதுபோல் 136, 142, 152 என்று அடிக்கணக்கு ஓடியது. அணை உடைந்து லட்சக்கணக்கானவர்கள் சாவதாக அங்கே சேனல்கள்; தமிழன் வாயில் மண் என்று இங்கே சேனல்கள். அதே நவம்பரில் வெளிவந்த 'டேம் 999' படத்தைத் தமிழ்நாடு தடைசெய்தது. இடுக்கியில் தோட்டத் தொழிலாளர்கள் விரட்டப்பட்டு மலையிறங்கி ஓடிவந்தார்கள். இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் வாகனங்களும் தாக்கப்பட்டன. கம்பத்திலிருந்து குமுளியை நோக்கி ஆயிரக்கணக்கில் ஜனங்கள் நடந்தார்கள். 144 போட்டார்கள்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1895 முதல் அந்தத் தண்ணீரில் வயல் வைத்தவனுக்குத் தண்ணீர் உயிர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் 142 அடி என்று தீர்ப்புச் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கவனித்தது வேறு. வருசநாட்டுக்குப் பெரியாற்றுத் தண்ணீர் வராது. எங்களுடையது மூல வைகை, மழை பெய்தால் ஆறு, இல்லாவிட்டால் மணல். இலவம் பஞ்சும் மானாவாரியும்தான் பிழைப்பு. அந்த அணையின் தண்ணீரில் ஒரு வயல்கூட நனையாத எங்கள் தெருவில் அந்த டிசம்பரில் கேட்ட கோஷம் கம்பத்தில் கேட்டதைவிடக் குறைந்ததாக இல்லை. தண்ணீர் ஏறாத மேட்டுக்கும் பகை ஏறியிருந்தது. அதற்குத் தேவைப்பட்டது தொலைக்காட்சிப் பெட்டி மட்டும். பாதை திறந்ததும் முதலில் மலையேறியவர்களும் ஜீப் ஆட்கள்தான். பட்டினிக்குப் பகை கட்டுப்படியாகாது.

இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அந்தத் தொடரைப் பார்த்தால் நண்பர்களின் நெகிழ்ச்சி எனக்கு வராமல் போனதில் ஆச்சரியமில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்குத்தான் பக்கத்து நாடு ஒரே முகமாகத் தெரியும். பஞ்சாபில் இந்தப் பக்கம் ஒரு கிராமம், அந்தப் பக்கம் ஒரு கிராமம், இரண்டுக்கும் ஒரே பாஷை, நடுவில் வேலி. அந்த இரண்டு கிராமத்துக்காரனும் இந்த ஆட்டத்தை எப்படிப் பார்க்கிறான் என்று அறிய எனக்கு ஆசை. மூன்று பகுதிகளில் அந்த ஆசை தீரவில்லை.

நண்பர்களின் வலுவான வாதம் 2004. இந்தியா பாகிஸ்தானுக்குப் போன அந்தப் பயணமே தொடரின் உயிர்நாடி. முல்தானில் சேவாக் 309. லாகூரில், கராச்சியில் விருந்தினரிடம் காசு வாங்க மறுத்த கடைக்காரர்கள். நம் சென்னைப் பையன் பாலாஜியின் சிரிப்புக்கு அங்கே விசிறிகள். இதெல்லாம் பொய்யா என்கிறார்கள். பொய்யில்லை. ஆனால் அது கிரிக்கெட் செய்த மாயமும் இல்லை. இரண்டு அரசாங்கங்கள் அந்த வருஷம் பேசுவதென்று முடிவு செய்தன, ஆயிரக்கணக்கில் விசா கொடுத்தன, ஜனங்கள் எல்லை தாண்டினார்கள். தாண்டியவர்கள் மனிதர்களைக் கண்டார்கள். அரசாங்கங்கள் மனம் மாறியதும் கதவு மூடியது. விசாவைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் மந்திரத்தைப் பற்றிச் சொல்வது வரலாற்றைத் துடைத்துவிட்டு வாசனை தெளிப்பது. நட்பு அங்கே பகை என்ற பண்டத்துக்குச் சேர்த்த உப்பு. ருசிக்கு வேண்டும், அதுவே சாப்பாடு ஆகாது.

அந்த உப்பு எவ்வளவு நாள் தாங்கியது? 2025 ஏப்ரல் 22ஆம் தேதி பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். மே மாதம் இரு நாடுகளும் சண்டையிட்டன. செப்டம்பரில் துபாயில் ஆசியக் கோப்பை. இந்திய அணி கைகுலுக்க மறுத்தது. இறுதி ஆட்டத்தில் வென்ற பிறகு, பாகிஸ்தான் உள்துறை அமைச்சராகவும் ஆசிய கிரிக்கெட் கவுன்சில் தலைவராகவும் இருந்த மோசின் நக்வியின் கையிலிருந்து கோப்பையை வாங்க மறுத்தது. இறந்தவர்களுக்கான துக்கம் மெய்யானது. அதைப் பரிகசிக்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 14, 21, 28 என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து ஆடினார்கள். கையை விலக்கினார்கள், ஆட்டத்தை விலக்கவில்லை, ஒளிபரப்பை விலக்கவில்லை, விளம்பரத்தை விலக்கவில்லை. காசு செலவில்லாத ஒன்றே ஒன்றைத்தான் தியாகம் செய்தார்கள். பிப்ரவரியில் நட்பை விற்ற அதே வடிவம் இந்த விலக்கிய கையையும் ஒருநாள் மெதுவாக ஓடவிட்டு, பின்னால் இசை போட்டு, நான்காம் பகுதியாக விற்கும். அப்போதும் சிலர் நெகிழ்வார்கள்.

ஆவணப்படத்தால் வேறு எதுவும் முடியாதா? முடிந்திருக்கிறது. ஆனந்த் பட்வர்தன் 2002இல் 'ஜங் அவுர் அமன்' எடுத்தார். அணுகுண்டுக் கொண்டாட்டத்தின் நடுவில் போய்க் கேமராவை வைத்தார், எல்லை தாண்டிப் பாகிஸ்தானுக்கும் போனார். தணிக்கைக் குழு வெட்டச் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றம் வரை போய் வெட்டில்லாமல் மீட்டார். கிரிக்கெட்டிலேயே, சாம் காலின்ஸும் ஜாரட் கிம்பரும் 2015இல் எடுத்த 'டெத் ஆஃப் எ ஜென்டில்மேன்' இந்த ஆட்டத்தின் பணம் யார் கைக்குப் போகிறது என்று நேராகப் போய்க் கேட்டது. டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963இலேயே 'பியாண்ட் எ பவுண்டரி'யில் ஒரு மட்டை வீச்சுக்குள் நிறம், வர்க்கம், காலனி ஆட்சி எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினார். வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு ஒரு கறுப்பர் முழுத் தொடருக்கும் தலைவராக வர வேண்டும் என்று பத்திரிகையில் சண்டை போட்டவரும் அவர்தான். கிரிக்கெட் இலக்கியத்துக்குத் தகுந்த விஷயமா என்று இன்னும் கேட்கிற நம் நண்பர்கள் அறுபது வருஷம் பின்தங்கியிருக்கிறார்கள்.

நம்மிடம் என்ன இருக்கிறது? வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் வர்ணனை செய்தார்கள். மைதானத்தைப் பார்த்தறியாத ஒரு ஊருக்கு அவர்கள் குரலால் மைதானம் கட்டினார்கள். அந்தத் தமிழைப் பற்றி நம் விமர்சகர்கள் யாராவது ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்களா? நான் படித்ததில்லை. 1999இல் எழுந்து நின்றவர்களில் ஒருவரைத் தேடிப்பிடித்து, ஏன் நின்றீர்கள் என்று கேட்டு எழுதப்பட்ட கதையோ கட்டுரையோ கவிதையோ நான் படித்ததில்லை. நாம் எழுதாமல் விட்ட இடத்தில்தான் நெட்ஃபிளிக்ஸ் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாம் விமர்சனமாகச் சிந்திக்க வேண்டிய இடத்தில் நெகிழ்ந்துவிட்டு எழுந்து போகிறோம்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் மூல வைகையின் மணலில் டென்னிஸ் பந்தில் ஆட்டம் நடக்கிறது. கடமலைக்குண்டிலிருந்தும் மயிலாடும்பாறையிலிருந்தும் அணிகள் வரும். நல்ல மட்டை ஒன்றோ இரண்டோதான் இருக்கும்; அவுட்டாகிப் போகிறவன் அதை எதிர் அணியில் இறங்குகிறவனுக்கு விட்டுவைத்துவிட்டுப் போவான். வசவு பொறுக்காது. அடிதடியும் ஆகும். அடுத்த வாரமும் அதே அணிகள் வரும், ஏனென்றால் எதிராளி வராவிட்டால் ஆட்டம் இல்லை. இந்த எளிய விஷயம் மூன்று பகுதித் தொடருக்குத் தெரியவில்லை: எதிராளி ஆட்டத்தின் பாதி. அவன் இல்லாமல் பகையை வைத்துக்கொள்ளலாம், போட்டியை வைத்துக்கொள்ள முடியாது.

நெகிழ்ந்த நண்பர்கள் மறுத்து எழுதட்டும். இந்தப் பத்திரிகை அடுத்த இதழ் கொண்டுவர முடிந்தால் பதில் சொல்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: எழுத உட்காருவதற்கு முன், 1999 ஜனவரி 31 மாலை நீங்கள் எங்கே இருந்தீர்கள், சக்லைன் கடைசி விக்கெட்டை எடுத்தபோது உங்களுக்குள் என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதிவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு பத்தி அந்தத் தொடரில் இல்லை.